சேலத்திலிருந்து பௌத்த, ஆசியச் சமய ஆய்வுக்கு: படிப்பு, உதவித்தொகை, பணி – முழுமையான வழிகாட்டி

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் நெடுங்காலம் வழிபடப்பட்டு வந்த கற்சிலை புத்தருடையதே என்று கூறி, 2011-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அதை வாதங்களால் மட்டும் முடிவுசெய்ய முற்படாமல், சிலையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தருமாறு மாநிலத் தொல்லியல் துறையைப் பணித்தது. தாமரைப் பீடத்தின்மீது அர்த்த பத்மாசனத்தில் அமர்ந்த நிலை, தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சியில் உஷ்ணீசம் என்னும் புடைப்பு, நீண்டு தொங்கும் காதுமடல்கள் என ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த அந்த அறிக்கை, தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டுப் பின்னர் சிமெண்டால் ஒட்டப்பட்டிருப்பதையும், நெற்றியில் ஊர்ணம் என்னும் சுழிக்குறி தென்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியது. 2022 ஜூலையில் வந்த தீர்ப்பு அந்த அறிக்கையை ஏற்று, சிலை புத்தருடையது என்று கூறி, அவ்விடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைத்தது.

பௌத்தத்தைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் இந்த வழக்கைத்தான் சொல்வது வழக்கம். உஷ்ணீசம் எது, வெறும் கொண்டை எது என்று பிரித்தறியத் தெரிந்த ஒருவருடைய சொல்லுக்கு ஒரு நாள் நீதிமன்றத்திலும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த இடத்தை அடையும் வழி நீளமானது. அவ்வழியில் பலர் தடுமாறுவது, எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்ற கேள்வியை முதற்கேள்வியாக வைத்துக்கொள்வதால்தான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. எதை ஆராயப் போகிறோம், அதற்கு எந்த மொழி வேண்டும் என்னும் இரண்டும் அதற்கு முன்னால் நிற்பவை. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

துறை எத்தகையது

பௌத்த ஆய்வு என்பது புத்தரின் போதனையைக் கற்று அதன்படி ஒழுகுவதற்கான பயிற்சி அன்று. அதற்கு விகாரைகளும் தியான மையங்களும் இருக்கின்றன. நூல்கள், கல்வெட்டுகள், சிலைகள், சடங்குகள், நிறுவனங்கள், இன்றைய மக்களின் வாழ்வு ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொண்டு, ஒரு சமயம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு பரவியது, எவ்வாறு மாறியது என்று ஆராய்வதே இத்துறை. ஆய்வாளர் பௌத்தராக இருக்க வேண்டியதில்லை, இருப்பதும் தடையில்லை. சமணம், சைவம், வைணவம், இசுலாம், சீக்கியம், சீனத்தின் தாவோயியம், ஜப்பானின் ஷிந்தோ, மலைவாழ் மக்களின் வழிபாடு ஆகியவற்றை இதே முறையில் அணுகுவதே ஆசியச் சமய ஆய்வு எனப்படுகிறது.

உள்ளே நுழைவதற்கு நான்கு வாயில்கள் உண்டு: மூலநூல்களை மொழியறிவோடு படிக்கும் நூலாய்வு, தருக்கத்தையும் அறிவுக்கோட்பாட்டையும் ஆராயும் மெய்யியல், சிலையும் கல்வெட்டும் அகழாய்வும் சார்ந்த தொல்லியல், மக்களோடு தங்கிச் செய்யும் மானிடவியல். இவற்றுள் ஒன்றை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் கொள்வதே இயலும்.

முதற்படி: கேள்வியை வீட்டுக்கு அருகில் தேடுதல்

சேலம் மாணவர் ஒருவர் தம் முதல் ஆய்வுக் கேள்விக்காகப் புத்தகயைக்குப் போக வேண்டியதில்லை. ஆத்தூரைக் கடந்து தலைவாசல் பக்கம் சென்றால் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒரு நாளை ஒதுக்கி, அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துச் சென்று, ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று, அச்சிலைகளைப் பார்த்தபடியே எழுதிப் பாருங்கள். கல்லின் தன்மை, மொத்த உயரம், பீடத்தின் உயரம், கால்களின் அமைப்பு, கைகளின் நிலை, மேலாடை எந்தத் தோளை மூடுகிறது, ஆடையின் விளிம்பு மார்பில் கோடாகத் தெரிகிறதா, முடியின் சுருள்கள், உச்சியில் என்ன இருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே பிற்காலத்தில் பூசப்பட்டிருக்கிறது என்று இரண்டு பக்கமாவது எழுத வேண்டும். புகைப்படம் எடுத்துவிட்டோம் என்று எழுதாமல் திரும்பினால், பார்த்தவற்றில் பாதி நினைவில் நிற்காது.

தமிழ்நாட்டில் அமர்ந்த நிலைச் சிற்பங்களைப் புத்தர் என்றும், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் என்றும் மாற்றி அடையாளம் காண்பது அடிக்கடி நிகழும் பிழை. இரண்டும் தியான நிலையில் அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் காதுமடல் நீண்டிருக்கும். சமணச் சிற்பத்தில் பொதுவாக முக்குடையும் சாமரம் வீசுவோரும் காணப்படுவர், திகம்பர மரபில் உடலில் ஆடை இராது. புத்தருக்கு ஆடையும் உஷ்ணீசமும் இருக்கும். தேய்ந்துபோன கல்லில் இந்த அடையாளங்களில் எது எஞ்சியிருக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பதே பயிற்சி. சேலம் அரசு அருங்காட்சியகத்திலும், பின்னர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள நாகப்பட்டினத்துப் பௌத்தப் படிமங்களின் முன்னும் நின்று இதே பயிற்சியைத் திரும்பச் செய்தால், ஓராண்டில் கண் பழகிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. தியாகனூருக்கு அருகிலுள்ள ஆறகழூர், வாணகோவரையர் ஆட்சியில் மகதை மண்டலத்தின் தலைமை ஊராக இருந்தது. மகதை என்ற பெயரைக் கேட்டவுடன் புத்தர் நடந்த மகத நாட்டோடு அதை இணைத்துவிட மனம் தாவும். பெயர் ஒப்புமை ஒரு கேள்வியை எழுப்பலாம், விடையாகிவிடாது. அப்பெயர் எந்தக் கல்வெட்டில், எந்த நூற்றாண்டில், எந்த வடிவில் முதலில் வருகிறது, அதற்கும் பௌத்தச் சான்றுகளுக்கும் இடையே காலத்தொடர்பு உண்டா என்று தேடுபவரே ஆய்வாளர். ஊர்ப்பற்றினால் முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடுவது, நம் வட்டாரத்து வரலாற்று எழுத்தில் நான் மிகுந்த வருத்தத்தோடு காணும் குறை.

மானிடவியலில் நாட்டமுள்ளவர்களுக்குச் சேர்வராயன் மலையே களம். ஏற்காட்டின் உச்சியிலுள்ள சேர்வராயன் கோயிலும், மலையாளிப் பழங்குடியினர் அங்கு ஆண்டுதோறும் எடுக்கும் விழாவும், மலைக்கும் சமவெளிக்கும் இடையே தெய்வங்கள் வழியாக நிலவும் உறவும் ஆசியச் சமய ஆய்வின் மையத்தில் இருக்கும் பொருள்களே. கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் வருவோரிடம் பேசினால், நூலில் எழுதப்பட்ட சித்தர் மரபுக்கும் மக்கள் நம்பும் சித்தருக்கும் உள்ள இடைவெளி ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமானதாக விரியும். பெரியேரிச் சிலையைப் பொறுத்தும், அதை முனியப்பனாக வணங்கியவர்களின் நம்பிக்கை ஏளனத்துக்குரியதன்று. ஒரு புத்தர் எப்படி முனியப்பன் ஆனார், அந்த வழிபாடு மக்களுக்கு எதைத் தந்தது என்பதும் சிலையின் அடையாளத்தைப் போலவே பெரிய கேள்வி. இத்தகைய களப்பணியில் எவருடைய பேச்சையும் அவர் ஒப்புதலின்றிப் பதிவுசெய்யக் கூடாது. மலைக்கிராமங்களில் ஊர்த்தலைவரான ஊர்க் கவுண்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை.

இரண்டாம் படி: மொழி

இத்துறையில் ஒருவருடைய உயரத்தைத் தீர்மானிப்பது மொழியே. பட்டத்தை இரண்டாண்டில் பெறலாம். மொழியை அவ்வாறு பெற முடியாது. ஆகவே இளநிலைப் பட்டம் படிக்கும் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

தமிழிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் உலகின் பெரிய பௌத்த ஆய்வு மையங்களிலும் பலரிடம் இல்லாத செல்வம் அது. மணிமேகலையின் 30 காதைகளில், 27-ஆவது காதை மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கோட்பாட்டைக் கேட்டறிவதைச் சொல்கிறது. 29-ஆவது காதை பௌத்தத் தருக்கத்தையும் அதன் போலி ஏதுக்களையும், அதாவது பிழையான காரணங்களையும், விரிக்கிறது. 30-ஆவது காதை, துன்பம் தோன்றும் காரணத் தொடரான பன்னிரு நிதானங்களை விளக்குகிறது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காவிட்டாலும், அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலான நீலகேசியின் உரை அதன் பாடல்கள் சிலவற்றைக் காத்துத் தந்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய இலக்கண நூலான வீரசோழியம், அதற்குப் பெருந்தேவனார் எழுதிய உரையில் வரும் மேற்கோள் பாடல்கள், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் (பிற சமயங்களை மறுக்கும் பகுதி) பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் மறுக்கும் பகுதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தமிழ்ப் பௌத்தத்தின் நூல்வழிச் சான்றுகள் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கின்றன என்பது புலப்படும். எதிர்த்தவர்கள் எழுதியவற்றிலிருந்து எதிர்க்கப்பட்டவர்களின் குரலை மீட்டெடுப்பது நுட்பமான பணி; பழைய உரைநடையோடு பழகிய தமிழ் மாணவரால்தான் அதைச் செம்மையாகச் செய்ய முடியும்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்குண்டு என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார்தான், உ.வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர். அந்தச் சமண நூலின் பொருளை விளங்கிக்கொள்ள ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று கேட்டார். அங்கே தொடங்கிய பாதைதான் 1898-இல் மணிமேகலைப் பதிப்பு வரை சென்றது. ஒரு சமயத்தின் நூலைப் படிப்பவர் அச்சமயத்தாரிடம் சென்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்தது பாலி. பௌத்த மறைநூல் தொகுதியான பாலித் திரிபிடகம் தமிழ் எழுத்திலும் இணையத்தில் கிடைக்கிறது என்பதால் அதிலேயே படித்துவிடலாம் என்று தோன்றும். அவ்வாறு செய்ய வேண்டாம். தமிழ் எழுத்து k, kh, g, gh போன்ற வர்க்க ஒலிகளைப் பிரித்துக் காட்டாது. புத்தரின் முதல் பேருரையில் 'இழிந்தது, சிற்றூர்த்தன்மையது' என்ற பொருளில் வரும் சொல்லும், வினையைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே 'கம்ம' என்றாகிவிடும். மூலத்தில் முதலெழுத்தே வேறு. ஆகவே மேற்குறிகள் இட்ட உரோமன் எழுத்திலோ தேவநாகரியிலோ தொடக்கம் முதலே பழகுவது நல்லது. இலக்கணத்தின் அடிப்படையை ஆறு மாதத்தில் முடித்துக்கொண்டு தம்மபதத்தை எடுங்கள். அதில் 423 பாடல்கள் உள்ளன. வாரத்துக்கு 4 பாடல் வீதம், ஒவ்வொரு சொல்லையும் வேற்றுமை, எண், காலம் பிரித்து எழுதிப் படித்தாலும், ஏறத்தாழ இரண்டாண்டில் முடித்துவிடலாம். பாலியில் எழுதிய பெரும் உரையாசிரியர்களுள் ஒருவரான புத்ததத்தர் உறையூரோடும் காவிரிப்பூம்பட்டினத்தோடும் தொடர்புடையவர் என்பதால், நமக்குப் பாலி அன்னிய மொழி என்று எண்ணத் தேவையில்லை.

சமஸ்கிருதத்தைத் தவிர்க்க நினைக்கும் மாணவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதன் பின்னால் இருக்கும் மனநிலையும் எனக்குப் புரிகிறது. ஆயினும் நாகார்ச்சுனர், வசுபந்து, தர்மகீர்த்தி ஆகிய பௌத்த மெய்யியலாளர்களை மூலத்தில் படிக்க அது வேண்டும். சோழர் செப்பேடுகளின் வடமொழிப் பகுதியைப் படிக்கக் கிரந்த எழுத்தும் வேண்டும். ஸ்ரீவிஜய மன்னர் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடையளித்ததைச் சொல்லும் இலெய்டன் செப்பேடுகளில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் தனித்தனியே உள்ளன. ஒன்றை மட்டும் படிப்பவருக்குப் பாதிக் கதையே கிடைக்கும். சேலம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களில் ஈடுபடுவோர் வட்டெழுத்தையும் கற்க வேண்டும்.

திபெத்திய மொழியும் செம்மைச் சீனமும் மூன்றாம் கட்டம். தருக்க அறிஞர் திக்நாகர் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்று திபெத்திய மரபு கூறும். அவருடைய பெருநூலான பிரமாண சமுச்சயம் முழு நூலாக நமக்குக் கிடைப்பதோ திபெத்திய மொழிபெயர்ப்பில்தான். காஞ்சிக்காரர் ஒருவரைப் படிக்கத் திபெத்திய மொழி கற்க வேண்டியிருப்பது இத்துறையின் இயல்பு. மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் திபெத்தியர் குடியிருப்பும் பெரிய மடாலயங்களும் இருப்பதால், சேலத்து மாணவருக்குப் பேச்சுப் பயிற்சி எட்டாத தொலைவில் இல்லை. 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய சுவான்சாங் போன்ற பயணிகளை மூலத்தில் படிக்க விரும்புவோர் சீனத்தைத் தேர்க.

மூன்றாம் படி: எந்தப் பட்டம்

இளநிலையில் தமிழ், வரலாறு, மெய்யியல், சமஸ்கிருதம், ஆங்கிலம் எதுவும் பொருந்தும். பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் தமிழோ வரலாறோ படித்துக்கொண்டே மொழிப் பயிற்சியைத் தனியே தொடரலாம். பொறியியல் முடித்தவர்களும் வரலாம். அவர்களுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமாகிறது.

முதுநிலையில்தான் வாழ்க்கைப்பாதை பிரிகிறது; இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பேராசிரியராகப் பணியாற்றுவதே நோக்கம் என்றால், முதுநிலைப் பட்டத்தை வரலாறு, தமிழ், மெய்யியல் ஆகிய வேர்ப்பாடங்களுள் ஒன்றில் பெற்று, முனைவர் பட்ட ஆய்வைப் பௌத்தத்தில் செய்யுங்கள். உதவிப் பேராசிரியர் பணி அறிவிப்புகள் பாடவாரியாகவே வருகின்றன. கல்லூரிகளில் பௌத்த ஆய்வு என்ற தனித்துறை அரிது. பௌத்த ஆய்வில் மட்டும் முதுநிலை பெற்றவர், எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தாலும், வரலாற்றுப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரால் தடுக்கப்படக்கூடும். மாறாக, வடநாட்டிலோ வெளிநாட்டிலோ ஆய்வைத் தொடர்வதே விருப்பம் என்றால், பௌத்த ஆய்வில் நேரடி முதுநிலையே சிறந்தது.

அதற்கான இடங்கள் சில. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பௌத்த ஆய்வுத் துறை 1957 முதல் இயங்குகிறது. பீகாரின் நாளந்தாவில் 1951-இல் தொடங்கப்பட்ட நவ நாளந்தா மகாவிகாரை பாலிக்குப் பெயர் பெற்றது. இராஜகிருகத்தில் 2014-இல் வகுப்புகளைத் தொடங்கிய நாளந்தாப் பல்கலைக்கழகத்தில் பௌத்தம், மெய்யியல், ஒப்பியல் சமயம் ஆகியவற்றுக்கு ஒரு புலம் இருக்கிறது. பல நாட்டு மாணவர்களோடு படிக்கும் வாய்ப்பு அங்குக் கிட்டும். இவை மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள். நாளந்தா என்ற பெயர் கொண்ட இரண்டையும் ஒன்றெனக் கருதி விண்ணப்பத்தில் குழம்புவோர் உண்டு. புனே, மும்பைப் பல்கலைக்கழகங்களில் பாலித் துறைகள் உள்ளன. திபெத்திய வழிப் பௌத்தத்துக்குச் சாரநாத்தின் மத்திய திபெத்திய உயர்கல்வி நிறுவனமும், மகாயானத்துக்கு ஆந்திரத்தின் ஆச்சார்ய நாகார்ச்சுனா பல்கலைக்கழகமும் கருதத் தக்கவை. தமிழ்நாட்டிலேயே இருக்க விரும்பினால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல், சமணவியல், சைவ சித்தாந்தத் துறைகளையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், ஓலைச்சுவடித் துறைகளையும் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. சேரும் முன் அத்துறை ஆசிரியர்களின் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். கட்டடங்களின் படத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம்.

நான்காம் படி: நெட் தேர்வும் பணமும்

நடுத்தரக் குடும்பத்து மாணவர் இத்துறையில் நிலைப்பதற்கு தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையே முதல் துணை. முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், இவற்றோடு விதிப்படி வீட்டு வாடகைப் படியும் வழங்கப்படுகின்றன. தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. முதுநிலையில் 55 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடும் தேவை. ஜே.ஆர்.எஃப். பெற வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு.

இத்துறைக்கான பாடம் 'பௌத்த, ஜைன, காந்திய மற்றும் அமைதி ஆய்வுகள்' என்ற பெயரில் 60-ஆம் குறியீட்டின் கீழ் வருகிறது. பெயரிலேயே தெரிவதுபோல, பௌத்தத்தை மட்டும் படித்தவர் இதில் தேற முடியாது. காந்தியச் சிந்தனையையும் அமைதி ஆய்வின் கோட்பாடுகளையும் தனியே படிக்க வேண்டும். சமய ஒப்பியல், பாலி, மெய்யியல், வரலாறு ஆகிய பாடங்களும் தேர்வுப் பட்டியலில் உள்ளன. உங்கள் முதுநிலைப் பட்டத்துக்கும் பின்னர் நாட இருக்கும் பணிக்கும் பொருந்துவதையே தேர்ந்தெடுங்கள். 2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வெளியாகின்றன: உதவித்தொகையோடு கூடியது, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும் தருவது, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் பயன்படுவது. சேர்க்கைக்குப் பயன்படும் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதை மறந்து, காத்திருந்து வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பழைய வழிகாட்டிகளில் இன்னும் இரண்டு செய்திகள் தவறாக நீடிக்கின்றன. எம்.ஃபில். படிப்பு 2022-ஆம் ஆண்டு விதிகளோடு நின்றுவிட்டது. முனைவர் பட்டத்துக்கு அது தேவையில்லை. குடிமைப் பணித் தேர்வில் பாலி விருப்பப்பாடமாக இருந்தது 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஐந்தாம் படி: நெறியாளரும் ஆய்வுத் திட்டமும்

முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு, பொதுவான மேல்வரம்பு ஆறாண்டு. இத்தனை காலம் ஒருவருடைய வழிகாட்டலில் இருக்கப் போகிறோம் என்பதால், நெறியாளரைத் தேர்வது பல்கலைக்கழகத்தைத் தேர்வதைவிட முக்கியமானது. என் ஆய்வுக் காலத்தின் முதல் ஒன்றரை ஆண்டு, என் பொருளோடு தொடர்பில்லாத நெறியாளரின் கீழ், நான் படித்துச் சென்ற மூலநூலைத் திருத்தித் தருவார் ஒருவருமின்றிக் கழிந்தது. அந்தக் காலத்தை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். ஆகவே முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் உங்கள் கேள்வி, நீங்கள் படிக்கவல்ல மொழிகள், இதுவரை பார்த்த சான்றுகள், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்து எழுதுகிறீர்கள் என்பது ஆகியவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

ஆய்வுத் திட்டத்தில் 'தமிழகத்தில் பௌத்தம்' போன்ற தலைப்பு நிற்காது. 'சேலம், பெரம்பலூர் வட்டாரப் புத்தர் சிலைகளின் ஆடையமைப்பும் காலமும்' என்பது நிற்கும். 'மணிமேகலை 29-ஆவது காதையின் ஏதுப்போலிகளும் சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசமும்' என்பதும் நிற்கும், ஆனால் அதில் ஏற்கெனவே பலர் உழைத்திருப்பதால் உங்கள் புதுமை எது என்று காட்ட வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கமும், 1907 முதல் அவர் நடத்திய இதழும் நவீனத் தமிழ்ப் பௌத்தத்தின் பெருஞ்சான்றுகள். அச்சங்கத்தின் கிளைகள் இயங்கிய ஊர்களின் வட்டார வரலாறு இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

சான்றுகளைத் தேடுமிடங்கள்: சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். இவற்றுக்கு நேரில் செல்லும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிவிட்டால் பயணச்செலவு பெரிதும் குறையும்.

ஆறாம் படி: வெளிநாடு

அருகிலேயே இலங்கை இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் பாலி, பௌத்த பட்டமேற்படிப்பு நிறுவனத்தில் ஆங்கில வழியிலும் படிக்கலாம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடைத் தூபிகளைப் பற்றித் தமிழறிந்த ஆய்வாளர் சொல்ல வேண்டியவை நிறைய உண்டு. அதற்கப்பால் இலண்டனின் சோயாஸ், ஹாம்பர்க், ஹைடல்பெர்க், இலெய்டன், வியன்னா, சிகாகோ, ஹார்வர்டு, ஹாங்காங், கியோட்டோவின் ஒத்தானி, ரியூக்கோக்கு எனப் பட்டியல் நீளும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரும். ஐந்து முதல் ஏழாண்டு ஆகும். ஜெர்மனிக்கு டாட் உதவித்தொகை, ஜப்பானுக்கு மெக்ஸ்ட், பிரிட்டனுக்குக் காமன்வெல்த், அமெரிக்காவுக்குப் புல்பிரைட்-நேரு ஆகியவற்றை ஓராண்டு முன்னதாகவே கவனியுங்கள்.

பட்டியலின மாணவர்கள் ஒன்றை உறுதியாக அறிந்திருக்க வேண்டும். நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, 2022-23-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைச் சார்ந்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் அயல்நாட்டில் ஆய்வு செய்வதற்கு வழங்கப்படுவதில்லை. அம்பேத்கரின் பௌத்தத்தையோ அயோத்திதாசரையோ ஆராய விரும்பும் மாணவரையே இவ்விதி நேராகத் தாக்குகிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. எனவே, விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை வரிவரியாகப் படித்து, பொருந்தாவிடில் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியையும் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித் திட்டத்தையும் நாடுங்கள். உங்கள் பாடம் அதில் அடங்குகிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

பணிகள்

பேராசிரியர் பணி ஒன்றையே நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடங்கள் குறைவு, காத்திருப்பு நீண்டது. தொல்லியலுக்கு இணையாகப் பயிற்சி பெறுவதே எனக்குத் தெரிந்த வலுவான மாற்று. தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனம் ஈராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. மத்தியத் தொல்லியல் துறைக்குக் கிரேட்டர் நொய்டாவில் இதேபோன்ற ஈராண்டுப் பட்டயம் உண்டு. கல்வெட்டைப் படியெடுக்கவும் படிக்கவும் தெரிந்து, சிற்ப அடையாளங்களும் அறிந்தவருக்குத் தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் இடம் உண்டு. சுவடிகளை மின்மயமாக்கி அட்டவணைப்படுத்தும் திட்டங்களில் ஒப்பந்தப் பணிகள் வருகின்றன. ஊதியம் மிகுதியாக இராது, ஆனால் அங்குக் கிடைக்கும் சுவடிப் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது. சுற்றுலா வழிகாட்டல், பதிப்பகப் பணி, பள்ளி ஆசிரியப் பணி ஆகியவற்றோடு ஆய்வைத் தொடர்பவர்களும் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலியிலிருந்து ஆங்கிலம் வழியாக அன்றி நேரடியாகத் தமிழுக்கு, குறிப்போடும் சொல்லடைவோடும் வந்த நூல்கள் மிகக் குறைவு. புத்தரின் உரைத் தொகுப்புகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் 152 சூத்திரங்கள் உள்ளன. முறையாகப் பாலி கற்ற இருவரோ மூவரோ சேலத்தில் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடி, மாதத்துக்கு ஒரு சூத்திரம் என மொழிபெயர்த்துத் தம்முள் திருத்திக்கொண்டால், பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டில் அந்த நிகாயம் முழுவதும் தமிழில் வந்துவிடும். ஒருவருடைய பணிக்காலத்தில் பாதிகூட ஆகாது. முதல் ஆண்டில் வந்த பன்னிரண்டு சூத்திரங்களைத் தனி நூலாக்கினாலே, நெறியாளருக்கும் உதவித்தொகைக் குழுவுக்கும் காட்ட உங்கள் கையில் ஒரு படைப்பு இருக்கும்.